பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்: எந்த வருடம், எந்த ரகம்?

ஃபென்டர் நிறுவனம் 1954-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தயாரிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து அதன் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் பழைய ஸ்ட்ராட் வாங்கப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். 1957-ம் 1973-ம் பத்தடி தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். கையில் எடுத்தால் எடை, நெக்கின் வடிவம், சத்தம் மூன்றும் வேறு. விலையோ பல மடங்கு வேறு.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும், ஒரு பழைய ஸ்ட்ராட்டைப் பார்த்து அது எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தது, எந்த உறுப்பு மாற்றப்பட்டிருக்கிறது, இன்னொரு வருடத்து ஸ்ட்ராட்டோடு ஒப்பிட்டால் உங்களுக்கு எது பொருந்தும் என்று நீங்களே சொல்ல முடியும். 1954 முதல் 1981 வரையான அமெரிக்கத் தயாரிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம்

ஸ்ட்ராட் ஸ்க்ரூ போட்டுச் சேர்க்கப்பட்ட கருவி. நெக்கைக் கழற்றலாம், பிக்அப்பை மாற்றலாம், பின்னால் இருக்கும் தகட்டைக்கூட நாலே ஸ்க்ரூவில் எடுத்துவிடலாம். ஆகவே ஒரு ஸ்ட்ராட்டில் ஒரு தேதி இல்லை, ஆறேழு தேதிகள் இருக்கின்றன: நெக்கில் ஒன்று, பாடியில் ஒன்று, பொட்டன்ஷியோமீட்டரில் ஒன்று, பிக்அப்பில் ஒன்று. இவை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. சில மாத வித்தியாசம் இயல்பு. தொழிற்சாலையில் நெக்குகளும் பாடிகளும் தனித்தனியாகச் செய்யப்பட்டுக் குவிந்து கிடந்தன, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். ஆனால் 1963 நெக்கோடு 1968 பாடி இருந்தால், அதை யாரோ பின்னால் சேர்த்திருக்கிறார்கள்.

சேர்த்துக் கட்டிய கிட்டார் மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். எரிக் கிளாப்டன் வருடக்கணக்கில் வாசித்த 'பிளாக்கி' 1956, 57 காலத்து ஸ்ட்ராட்டுகள் சிலவற்றின் உறுப்புகளைச் சேர்த்து உருவானதுதான். வாசிக்க அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட கிட்டாரை முழு அசல் விலைக்கு உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் அது மோசடி.

கையில் இருக்க வேண்டியவை

சரியான அளவு பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், சின்னப் பூதக்கண்ணாடி, மல்டிமீட்டர், புற ஊதா டார்ச், மென்மையான பருத்தித் துணி, ஸ்க்ரூக்களை வரிசையாகக் குத்தி வைக்க ஒரு அட்டை, கேமரா உள்ள போன். மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். அறுபது வருடத்து ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்துவிட்டால், 'இதை யாரோ திறந்திருக்கிறார்கள்' என்று அடுத்தவர் சந்தேகப்பட நீங்களே தடயம் வைத்தது போல் ஆகும்.

பிரிக்காமலே பார்க்க வேண்டியவை

கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். தலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், காலகட்டத்தை ஹெட்ஸ்டாக் உடனே சொல்லிவிடும்.

1. ஹெட்ஸ்டாக்கின் அளவு. 1965-ன் கடைசி வரை சிறியது. அதற்குப் பிறகு பெரிது, அடிப்பக்க வளைவு தடித்திருக்கும்.

2. பெயர் எழுத்து. 1964 நடுப்பகுதி வரை மெல்லிய கோடுகளால் ஆன தங்கநிற எழுத்து. இதற்கு 'ஸ்பகெட்டி லோகோ' என்று பெயர். பிறகு சுமார் 1967 வரை சற்றுத் தடித்த தங்க எழுத்து, கறுப்பு ஓரத்தோடு. 1968 முதல் பெரிய கறுப்பு எழுத்து.

3. கம்பியை அழுத்தும் கொக்கி. 1954-ல் வட்டப் பொத்தான் வடிவம், 1956 முதல் பட்டாம்பூச்சி வடிவம். 1970-களின் தொடக்கம் வரை ஒன்றுதான். பிறகு டி, ஜி கம்பிகளுக்கும் இன்னொன்று வந்தது.

4. ஹெட்ஸ்டாக்கில் நட்டுக்குப் பின்னால் உலோகக் குமிழ் தெரிகிறதா? தெரிந்தால் 1971-ன் கடைசிக்குப் பிந்தையது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகும் இடம் அது. அதற்கு முன் திருகும் இடம் நெக்கின் அடிமுனையில், பாடிக்குள் ஒளிந்திருக்கும்.

5. ஃபிங்கர்போர்டு. 1954 முதல் 1959 நடுப்பகுதி வரை முழுக்க மேப்பிள், முதுகில் வால்நட் மரக் கோடு. அதன் பிறகு 1960-களில் பெரும்பாலும் ஈட்டி மரம். இதைப் பற்றிக் கீழே விரிவாக.

6. புள்ளிகள். ஈட்டி மர ஃபிங்கர்போர்டில் 1964 வரை மங்கிய மண் நிறப் புள்ளிகள், 1965 முதல் முத்துப்போல் மின்னுபவை. பன்னிரண்டாம் ஃபிரெட்டின் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் 1963 வாக்கில் குறைந்தது.

7. பிக்கார்டு. ஒற்றை அடுக்கு வெள்ளையில் எட்டு ஸ்க்ரூ இருந்தால் 1959-க்கு முந்தையது. மூன்று அடுக்கு, பதினொரு ஸ்க்ரூ, லேசான பச்சை சாயல் என்றால் 1959-க்கும் 1965-க்கும் இடைப்பட்டது. அந்தப் பச்சை சாயல் செல்லுலாய்டு வயதானதால் வந்தது. பின்னால் வந்த பிளாஸ்டிக் வெள்ளையாகவே நிற்கும்.

8. பின்பக்கத் தகடு. நாலு ஸ்க்ரூவா, மூன்று ஸ்க்ரூவா? பெரிய 'எஃப்' எழுத்து அச்சிட்டிருக்கிறதா? அந்த எழுத்து 1965-ன் கடைசியில் வந்தது. மூன்று ஸ்க்ரூ 1971-ன் கடைசியிலிருந்து.

9. ஸ்விட்ச். 1977 வரை மூன்று நிலை ஸ்விட்ச். ஐந்து நிலை ஸ்விட்ச் 1963 கிட்டாரில் இருந்தால், வாசித்தவர் மாற்றியிருக்கிறார். இது பெரிய குற்றமில்லை. பழைய ஸ்விட்ச் பெட்டியில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

குறிப்பு: வரிசை எண்ணை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. எண் பொறித்த தகடுகள் ஒரு பெட்டியில் கிடந்தன, வரிசைப்படி எடுக்கப்படவில்லை. 1962-ன் கடைசி முதல் 1965 வரை 'எல்' எழுத்தில் தொடங்கும் எண்கள், 1976 முதல் எண் ஹெட்ஸ்டாக்குக்குப் போய்விட்டது, இவ்வளவு தெரிந்தால் போதும். தகட்டில் 'வி' எழுத்தில் தொடங்கும் எண் இருந்தால் அது 1982 முதல் ஃபென்டரே செய்த பழைய பாணி மறுவெளியீடு. நல்ல கிட்டார்தான், ஆனால் 1957 அல்ல.

நான்கு காலகட்டங்கள்

*1954 – 1959: மேப்பிள் நெக்*

தொடக்கத்தில் பாடி ஆஷ் மரம். 1956 நடுப்பகுதியிலிருந்து பொதுவாக ஆல்டர். இளமஞ்சள் 'பிளாண்ட்' நிறத்துக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. இரண்டு நிற சன்பர்ஸ்ட் 1958 வரை, பிறகு நடுவில் சிவப்புச் சேர்ந்து மூன்று நிறம். ஒரு சிக்கல்: ஆரம்பத்தில் பூசிய சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிவிடும். 1959 கிட்டார் இரண்டு நிறமாகத் தெரிந்தால் அவசரப்பட்டு 1957 என்று முடிவு கட்டாதீர்கள். பிக்கார்டுக்கு அடியில் வெளிச்சம் படாத ஓரத்தைப் பாருங்கள், சிவப்பு அங்கே பத்திரமாக இருக்கும்.

நெக்கின் முதுகை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். 1954, 55-ல் தடித்த உருண்டை. 1956, 57-ல் படகின் அடிப்புறம் போல் நடுவில் மேடுகட்டிய மென்மையான 'வி'. பிறகு அது தேய்ந்து மெலிந்த உருண்டையாகிறது. கட்டைவிரலை நெக்கின் மேல் கொண்டுவந்து ஆறாவது கம்பியை அழுத்துபவர்களுக்கு 'வி' வடிவம் அவ்வளவு இதமாக இருக்கும். கட்டைவிரலை முதுகின் நடுவில் ஊன்றுபவர்களுக்கு அந்த மேடு உறுத்தும்.

*1959 – 1965: ஈட்டி மர ஃபிங்கர்போர்டு*

இந்தத் தொடரில் அதிகம் பேசப்படும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, அதிகக் குழப்பமும் இங்கேதான். 1959 நடுப்பகுதியிலிருந்து 1962 நடுப்பகுதி வரை ஈட்டிப் பலகை தடிமனானது, அடிப்பக்கம் தட்டையானது. 'ஸ்லாப்' என்பது இதைத்தான். 1962 நடுப்பகுதிக்குப் பிறகு மேப்பிளின் மேல்பக்கத்தை வளைவாக இழைத்து, அதன்மேல் அதே வளைவுள்ள மெல்லிய ஈட்டியை ஒட்டினார்கள்.

வேறுபடுத்திப் பார்க்க நெக்கைக் கழற்றி, அடிமுனையை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு மரமும் சேரும் கோடு ரூலர் வைத்து இழுத்தது போல் நேராக இருந்தால் ஸ்லாப். வில் போல் மேல்நோக்கி வளைந்திருந்தால் பிந்தையது. இதை யாராலும் மறைக்க முடியாது. நட்டுக்கு அருகே ஈட்டி முடிகிற இடத்திலும் இந்த வித்தியாசம் தெரியும், ஆனால் அங்கே பார்க்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

ஸ்லாப் நெக்கின் சத்தம் 'வெதுவெதுப்பாக' இருக்கும் என்று சொல்லி விலை கேட்பார்கள். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துப் பார்க்காமல் அந்தச் சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்தக் கால பிக்அப்புகளுக்கு இடையிலேயே சுற்றுக் கணக்கு வேறுபடும். நீங்கள் கேட்கும் வித்தியாசம் மரத்தினுடையதா, சுருளினுடையதா என்று பிரித்தறிவது கஷ்டம்.

*1965 – 1971: சி.பி.எஸ். வந்த பிறகு*

1965 ஜனவரியில் ஃபென்டரை சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. 'சி.பி.எஸ்.ஸுக்கு முன்' என்ற சொல் விலைப்பட்டியலில் பெரிய மந்திரம். ஆனால் ஜனவரியில் கையெழுத்தானது பத்திரம்தான். பட்டறையில் அதே ஆட்கள், அதே இயந்திரங்கள், அலமாரியில் அதே உறுப்புகள். சிறிய ஹெட்ஸ்டாக்கோடு வந்த 1965 ஸ்ட்ராட், 1964-க்கு மிக நெருங்கிய உறவு. வாசிக்க வாங்குபவருக்கு நான் இங்கேதான் கையைக் காட்டுவேன்: 1965 முதல் 1971 வரை, நாலு ஸ்க்ரூ நெக் உள்ளவை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-ல் வுட்ஸ்டாக்கில் வாசித்தது 1968 வெள்ளை ஸ்ட்ராட், பெரிய ஹெட்ஸ்டாக்தான்.

1967-ல் குளூசன் ட்யூனிங் கீகள் போய் 'எஃப்' முத்திரை உள்ளவை வந்தன. 1968 முதல் பாலியெஸ்டர் பூச்சு. தடித்த கண்ணாடி போன்றது, தேயாது, சில்லு சில்லாக உடையும்.

*1971 – 1981: மூன்று ஸ்க்ரூ*

மூன்று ஸ்க்ரூ என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஸ்க்ரூக்களின் எண்ணிக்கை அல்ல பிரச்சினை. நெக் உட்காரும் குழியைத் தாராளமாகக் குடைந்துவிட்டார்கள், அதனால் நெக் பக்கவாட்டில் அசைகிறது. நெக்கைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்து, முதல் கம்பி ஃபிங்கர்போர்டின் விளிம்புக்கு வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். கச்சிதமாக நிற்கும் 1974-ம் உண்டு, அதைத் தயங்காமல் வாங்கலாம். எடையையும் தூக்கிப் பாருங்கள். ஆஷ் பாடி கொண்ட இந்தக் கால கிட்டார்களில் 4 கிலோவைத் தாண்டுபவை உண்டு. மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை அதை உணரும். பாலமும் ட்ரெமோலோ கட்டையும் எஃகிலிருந்து வார்ப்பு உலோகத்துக்கு மாறியதும் இந்தக் காலத்தில்தான்.

பிரித்துப் பார்ப்பது

*எச்சரிக்கை:* உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். 1959–65 பிக்கார்டு செல்லுலாய்டு, சட்டெனத் தீப்பற்றும். பக்கத்தில் சிகரெட்டோ சூடான சால்டரிங் அயர்னோ கூடாது. முறுக்கிய கம்பியைக் கட்டர் வைத்து வெட்டாதீர்கள், கண்ணில் பாயும்.

1. ட்யூனிங் கீகளைத் தளர்த்தி, கம்பிகள் முழுவதும் தொய்ந்த பிறகு கழற்றுங்கள்.

2. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் படம் எடுங்கள்.

3. நெக் ஸ்க்ரூக்களைக் குறுக்கு மூலை வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எந்த ஓட்டையில் எது இருந்தது என்று அட்டையில் குத்தி எழுதுங்கள்.

4. நெக் எளிதில் வராது, பூச்சு ஒட்டியிருக்கும். நெம்பாதீர்கள். நெக்கை நீளவாக்கில் மேல்நோக்கி லேசாக அசைத்து அசைத்து எடுங்கள். நெம்பினால் குழியின் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து, அசல் பூச்சு என்ற பெருமை அங்கேயே போய்விடும்.

5. நெக்கின் அடிமுனையைப் படியுங்கள். 1962 தொடக்கம் வரை பென்சிலால் மாதம், வருடம். 1962 மார்ச் முதல் ரப்பர் முத்திரை: '2 மார்ச் 63 பி' என்பது போல. முதலில் வரும் 2 ஸ்ட்ராட்டைக் குறிக்கும் எண், அது தேதி அல்ல. இதைத் தேதி என்று படித்து ஏமாறுவது மிகப் பொதுவான தவறு. கடைசி எழுத்து நட்டு அகலம்: ஏ 38 மி.மீ., பி 41 மி.மீ., சி 44 மி.மீ. சுமாராக. பெரும்பாலானவை பி. ஏ நெக் விரல் மெலிந்தவர்களுக்கு நல்லது, பலருக்கு நெருக்கடியாக இருக்கும்.

6. பிக்கார்டைத் திறங்கள். அது சுருங்கும் பொருள். ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு அருகே விரிசல் இருக்கும், தூக்கும்போது இரண்டு கையாலும் தாங்குங்கள். ஒயர்கள் குட்டையானவை, ஒரு அடி தள்ளி இழுத்தால் அறுந்துவிடும்.

7. பொட்டன்ஷியோமீட்டரின் முதுகைப் பாருங்கள். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். பின்வரும் நாலு இலக்கம் வருடமும் வாரமும்: 3046320 என்றால் 1963-ன் 20-வது வாரம். 1950-களில் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான். கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தையதாக இருக்க முடியாது, ஆனால் பிந்தையதாக இருக்கலாம். 1966-ல் மொத்தமாக வாங்கிக் குவித்தவற்றை 1969 வரை பயன்படுத்தினார்கள். ஆகவே 1968 கிட்டாரில் 1966 எண் இருந்தால் பதற வேண்டாம்.

8. சால்டரைப் பாருங்கள். அசல் சால்டர் மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரே ஓட்டத்தில் படிந்திருக்கும். பளபளப்பான குமிழ் தெரிந்தால் அந்த இணைப்பைப் பின்னால் தொட்டிருக்கிறார்கள். விரலில் ஈயம் ஒட்டும், சாப்பிடுவதற்கு முன் கையைக் கழுவுங்கள்.

9. இப்போது பாடியில் ஆணி ஓட்டைகளைத் தேடுங்கள். 1964 வரை பாடியின் முகத்தில் சின்ன ஆணிகளை அடித்து, அவற்றின்மேல் நிற்கவைத்துப் பெயின்ட் உலர்த்தினார்கள். உலர்ந்த பிறகுதான் ஆணியைப் பிடுங்கினார்கள். ஆகவே அசல் பூச்சில் ஓட்டையின் உள்ளே வெற்று மரம்தான் தெரிய வேண்டும். பூதக்கண்ணாடியில் ஓட்டைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் அந்தப் பாடிக்கு மறுபூச்சு நடந்திருக்கிறது. மறுபூச்சு பாதி விலையை விழுங்கிவிடும் என்பது இந்தச் சந்தையின் பழைய கணக்கு. பேரம் பேச உங்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

10. அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச் அடியுங்கள். பழைய நைட்ரோ வார்னிஷ் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். ஒட்டுப்போட்ட இடம் கறுத்தோ வேறு நிறமாகவோ தனியாகத் தெரியும். வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

பிக்அப்பை அளப்பது

பிக்அப்பைக் கழற்றத் தேவையில்லை. ஒரு கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனையின் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டர் முனைகளை வையுங்கள். ஸ்விட்சை நிலைக்கு நிலை மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

1950, 60-களின் பிக்அப்புகள் பெரும்பாலும் 5.5 முதல் 6.5 கிலோ ஓம். 250 கிலோ ஓமுக்கு அருகே காட்டினால் அந்தச் சுருள் அறுந்துவிட்டது, நீங்கள் அளப்பது வால்யூம் கட்டுப்பாட்டைத்தான். 9, 10 கிலோ ஓம் காட்டினால் அது பின்னால் சுற்றப்பட்டது அல்லது வேறு ஏதோ பிக்அப். எண் அதிகம் என்றால் தரம் அதிகம் என்று நினைக்க வேண்டாம். பழைய ஸ்ட்ராட்டின் கண்ணாடி உடைவது போன்ற உச்சஸ்தாயி, குறைந்த சுற்றிலிருந்துதான் வருகிறது.

பிக்அப்பின் அடித்தகடு 1964 வரை கறுப்பு, அதன்பின் சாம்பல். சாம்பல் தகடுகளில் கையால் எழுதிய தேதி இருக்கும். காந்தங்களை விரலால் அழுத்திப் பார்க்கவே கூடாது. நூல் போன்ற கம்பி அறுந்தால் பிறகு மறுசுற்றுதான்.

இரண்டை எதிரெதிரே வைத்து வாசிப்பது

வருடம் தெரிந்துவிட்டது. வாசிப்பதற்கு எது நல்லது என்று இப்போதுதான் கேட்க முடியும். இரண்டுக்கும் ஒரே தடிமன் புதுக் கம்பி போடுங்கள், பிக்அப்பின் உயரத்தைக் கம்பியிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள், ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஒரே அளவில் கேளுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிடுபவர் புதுக் கம்பியையும் பழைய கம்பியையும் ஒப்பிட்டுவிட்டு, 1962-ஐயும் 1966-ஐயும் ஒப்பிட்டதாக நம்புகிறார்.

முதலில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். ஏழாம் ஃபிரெட்டில் ஒரு கார்டு பிடித்து, பாடியை மார்போடு சேர்த்து அதிர்வைக் கவனியுங்கள். பிறகு ஒவ்வொரு பிக்அப்பிலும் ஒரே பகுதியை வாசியுங்கள். 1974-க்குப் பிறகு காந்தங்களின் உயரம் சமமாக்கப்பட்டது. பழையவற்றில் ஜி கம்பியின் காந்தம் உயர்ந்து நிற்கும், சுற்றில்லாத இன்றைய ஜி கம்பி போட்டால் அது மட்டும் தனியாகக் கத்தும். இது குறையில்லை, அன்றைய சுற்றுள்ள கம்பிக்காக வைத்த ஏற்பாடு.

வெளிநாட்டிலிருந்து வாங்குவதென்றால்

1960-களின் நடுப்பகுதி வரையிலான ஈட்டி, பிரேசில் நாட்டு மரம். 1992 முதல் அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. கிட்டாராக மாறிவிட்டதால் விலக்கு கிடையாது, எல்லை தாண்ட சைட்டிஸ் அனுமதி வேண்டும். அதற்குப் பிறகு ஃபென்டர் பயன்படுத்தியது இந்திய ஈட்டி, நீலகிரியிலும் குடகிலும் வளர்கிற அதே இனம். அதைக் கொண்ட முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019 முதல் விதி தளர்ந்திருக்கிறது. மேப்பிள் நெக் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் நாலு படங்கள் கேளுங்கள்: நெக்கின் அடிமுனை, திறந்த பிக்கார்டின் கீழ்ப்பக்கம், பொட்டன்ஷியோமீட்டர் எண், ஆணி ஓட்டை உள்ள பாடியின் முகம். இவற்றைத் தர மறுப்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பிரேசில் ஈட்டி நெக்காக இருந்தால் ஏற்றுமதி அனுமதியின் நகல் வந்த பிறகே முன்பணம் போகட்டும்.